அக்கா மூடிவைத்த மண்

அக்கா எங்களை விட்டுப் போன ஆடி மாதம் திரும்பவும் வந்துவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும், தாராவியிலும் செம்பூரிலும் கோபர்கைரனேயிலும் இருக்கும் நம் ஆட்கள் எல்லாருக்கும் உடன்பிறந்த தம்பியின் வணக்கம். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. நாலாம் வகுப்புக்கு மேல் படிக்கவும் இல்லை. அக்காவோடு படித்தவர்கள் பலர் இருக்க, நீதான் எழுத வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். அம்மா சொன்னபடி எழுதுகிறேன்.

அக்கா என்ன வேலை பார்த்தார்கள் என்பது நம் உறவில் பலருக்குச் சரியாகத் தெரியாது. "செடி ஆபீசு" என்றுதான் எல்லாரும் சொல்வோம். அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது நாங்குநேரிப் பக்கம், அப்பாவின் ஊரில். கைக்குழந்தையாகப் பம்பாய் வந்தார்கள். நான் பிறந்தது தாராவியில். அப்பா தோல் கிடங்கில் வேலை பார்த்தார்கள். நான் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது காய்ச்சலில் போய்விட்டார்கள். அதன்பிறகு அம்மா விடியுமுன் இட்லி அவித்து, மாட்டுங்காவுக்கு எடுத்துப் போய் விற்று எங்களை ஆளாக்கினார்கள். சட்னிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அக்காவும் கூடப் போவார்கள். திரும்பி வந்து சீருடை மாற்றிக்கொண்டு பள்ளிக்கு ஓடுவார்கள்.

என்னைப் படிக்க வைக்க அக்கா எவ்வளவோ பாடுபட்டார்கள். வாத்தியார் கேள்வி கேட்டால் எழுந்து நிற்கவே எனக்கு வெட்கம். பள்ளியை விட்டுவிட்டு, பை தைக்கும் பட்டறையில் சேர்ந்துகொண்டேன். அக்கா திட்டவில்லை. தினம் ஒரு பக்கம் செய்தித்தாளை வாசித்துக் காட்டினால்தான் ராத்திரிச் சாப்பாடு என்று சொல்லிவிட்டார்கள். இப்போது இதை எழுத முடிகிறது என்றால் அந்தச் சோற்றினால்தான்.

பன்னிரண்டாம் வகுப்பில் அக்கா நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். மருத்துவத்துக்கு இடம் கிடைக்கவில்லை. கொங்கண் பக்கம் ஒரு வேளாண்மைக் கல்லூரியில் கிடைத்தது. அப்பாவின் தங்கையான எங்கள் அத்தை அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொன்னது நினைவிருக்கிறது.

"வயக்காட்டுல கெடந்து சாவக்கூடாதுன்னுதான பம்பாய்க்கு வந்தோம்? இவா திரும்பவும் மண்ணக் கிண்டப் போறாளாம்லா."

"சம்பளத்துக்குக் கிண்டுனா தப்பு இல்ல அத்தை" என்றார்கள் அக்கா.

படித்து முடித்ததும் தகாணுப் பக்கம் ஒரு பழ ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. அந்தப் பக்கம் முழுக்கச் சப்போட்டாத் தோட்டம். இங்கே சிக்கு என்று சொல்வார்களே, அதுதான். விராரில் வண்டி மாறிப் போக வேண்டும். வாரம் முழுக்க அங்கே குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, சனிக்கிழமை தாராவிக்கு வருவார்கள். வரும்போது நகக்கண்ணில் எப்போதும் மண் இருக்கும்.

முதலில் அக்கா பார்த்தது ஒட்டுக்கட்டும் வேலை. சப்போட்டாவை விதை போட்டு வளர்த்தால் காய்க்க வெகுகாலம் ஆகும். தாய்மரத்தைப் போலவே காய்க்கும் என்ற உறுதியும் இல்லை. அதனால் வேருக்குப் பாலைமரக் கன்றை வைத்து, அதோடு நல்ல சப்போட்டாக் கிளையைச் சேர்ப்பார்கள். கன்று இருக்கும் தொட்டியைத் தாய்மரத்தில் பரண் கட்டி ஏற்றி வைத்து, கன்றின் தண்டையும் மரத்தின் கிளையையும் ஒரே அளவுக்குச் சீவி, முகத்தோடு முகம் வைத்துக் கட்டுவார்கள். இரண்டும் கூடிய பிறகும் கிளையைத் தாய்மரத்திலிருந்து ஒரேயடியாக வெட்ட மாட்டார்கள். கொஞ்சம் வெட்டி, வாடுகிறதா என்று பார்த்து, இன்னும் கொஞ்சம் வெட்டித்தான் பிரிப்பார்கள். எந்த மாதம் கட்டினால் அதிகம் பிழைக்கும், கன்றுக்கு எத்தனை வயது இருக்க வேண்டும் என்பதெல்லாம் அக்காவின் ஆராய்ச்சி.

கட்டுவதற்கு மெல்லிய பிளாஸ்டிக் நாடா வேண்டும். எங்கள் பட்டறையில் வெட்டி மிஞ்சும் பிளாஸ்டிக்கைச் சுண்டுவிரல் அகலத்துக்குக் கத்தரித்து, வாராவாரம் ஒரு கட்டு கொடுத்தனுப்புவேன். "ஒன் நாடா இழுத்தா இழுக்குற அளவுக்கு வருது, கடையில வாங்குறது அந்துருதுல" என்பார்கள். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி அத்தைக்குத்தான் அதிகக் கவலை.

"மரத்துக்கு மரம் கல்யாணம் பண்ணி வைக்கா. இவளுக்கு ஒருத்தன் ஆம்புட மாட்டேங்கானே."

"மரம் சீதனம் கேக்காது அத்தை."

"கேட்டாலும் நீ குடுக்கவா போற? ஒரு பை மண்ணு குடுப்ப."

இருவரும் சிரிப்பார்கள். இதை அத்தையும் படிப்பார்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அத்தையைப் போல அக்காவிடம் உரிமையாகப் பேசியவர் வேறு யாரும் இல்லை.

பிறகு அக்காவின் கவனம் மண்ணுக்குப் போயிற்று. கன்று நன்றாகத்தான் ஒட்டுகிறது, மரமாகவும் ஆகிறது, ஆனால் வயதான தோட்டங்களில் காய் சிறுத்துப் போகிறது, பிஞ்சு உதிர்கிறது, ஏன் என்று அக்கா யோசித்தார்கள். மழை முடிந்ததும் மரத்தடியை உழுது, இலையையெல்லாம் வாரி எரித்து, தரையைப் பளிச்சென்று வைத்துக்கொள்வது அங்கே பழக்கம். மரம் சாப்பிடும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன, உழுதால் அறுபடும், வெயில் நேராகப் பட்டால் மண் இறுகும் என்பது அக்காவின் எண்ணம். எண்ணம் மட்டும் போதாது, காட்ட வேண்டும். அதற்கு ஒரு விவசாயி இடம் கொடுத்தார். அவர் தோட்டத்தில் ஒரு பாதி வழக்கம்போல உழுது வாரப்படும். மறு பாதியில் யாரும் உழக்கூடாது, வாரக்கூடாது. விழுந்த இலை விழுந்த இடத்தில் கிடந்து மக்க வேண்டும். வருஷா வருஷம் இரண்டு பக்கமும் காயை எடைபோட்டு, மண்ணை எடுத்துச் சோதிப்பார்கள். அந்த வேலையை வைத்தே அக்கா டாக்டர் பட்டத்துக்கும் பதிந்திருந்தார்கள்.

நாலாவது வருஷம் நடந்ததைத்தான் இந்த மலரில் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் பொங்கலுக்கு எல்லாரும் தோட்டத்துக்கு வாருங்கள் என்று அக்கா கூப்பிட்டார்கள். தாராவியில் சந்துக்குள் அடுப்பு வைத்துப் பொங்கல் விட்டவர்களுக்கு மரநிழலில் பானை வைப்பது என்றால் சந்தோஷம்தானே. அம்மாவும் அத்தையும் இன்னும் சில பெண்களும் நானும் முதல் வண்டியிலேயே வந்து இறங்கிவிட்டோம். தோட்டத்துக்காரர் குடும்பம் தங்கள் சங்கராந்திக்காக உறவினர் வீட்டுக்குப் போயிருந்தது. அடுத்த வண்டியில் சித்தப்பா குடும்பம் கரும்போடு வருவதால், அக்காவும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். அம்மாவை நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் போனோம்.

திரும்பி வரும்போது தோட்டத்துக்குள் புகை. அக்கா கொஞ்சம் வேகமாக நடந்தார்கள். நான் கரும்போடு பின்னால் போனேன்.

வாராத பாதி இருந்ததே, அது முழுக்க வாரியிருந்தது. அம்மா ஓர் இடத்தை வாரினால் அதில் சோறு போட்டுச் சாப்பிடலாம். மேலே கிடந்த சருகு மட்டுமல்ல, அடியில் மக்கிக் கறுத்திருந்ததையும் சுரண்டி எடுத்து, மண் தெரிய வாரி, சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். பாதிச் சருகு மூலையில் எரிந்துகொண்டிருந்தது. மீதி பொங்கல் பானைக்கு அடியில் எரிந்தது.

"பாத்தியாட்டி" என்றார்கள் அம்மா. முகமெல்லாம் வேர்வை, அத்தனை சந்தோஷம். "பெரிய ஆபீசருன்னு பேரு. நீ வேல பாக்குற எடம் இப்பிடியா குப்பையாக் கெடக்கும்? நாளைக்கி நாலு அதிகாரி வந்தா என்ன சொல்லுவான்?"

"நானும் மைனியும் இடுப்பொடிய வாருனோம். ஆளு வச்சு வாரச் சொல்லுட்டி, சர்க்காருகிட்ட காசா இல்ல?" என்றார்கள் அத்தை. அண்ணியான அம்மாவை மைனி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அக்கா அப்படியே நின்றார்கள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். பால் பொங்கியது. எல்லாரோடும் சேர்ந்து குலவை விட்டார்கள். இலையில் வைத்ததை ஒரு வாய் சாப்பிட்டு, "நல்லா இருக்கும்மா" என்றார்கள்.

சாயங்காலம் எல்லாரையும் வண்டி ஏற்றிவிடும்போதுதான் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்கள்.

"நாலு வருசம் போச்சுல."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்கள்.

"அம்மாட்ட மூச்சு விட்டுராத. அவா தெரிஞ்சா செய்தா? மக எடம் சுத்தமா இருக்கணும்னுதான செய்தா?"

அக்காவுக்கு மேலிருந்த அதிகாரி நல்ல மனிதர். பக்கத்து மரங்களிலிருந்து இலை எடுத்துப் பரப்பிவிடுங்கள், ஒரு மழை பெய்தால் எல்லாம் ஒன்றாகிவிடும் என்று தன்மையாகச் சொல்லியிருக்கிறார். நேற்று விழுந்த இலையும் நாலு வருஷம் மக்கிய இலையும் ஒன்றல்ல என்று அக்கா சொல்லிவிட்டார்கள். என் குடும்பத்தார் வாரிவிட்டார்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தார்கள். ஆராய்ச்சி நின்றது. டாக்டர் பட்டமும் அதோடு போயிற்று.

உறவினர் பலர் பின்னாளில் அக்காவிடம் பட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு கல்யாண வீட்டில் அத்தையே கேட்டார்கள்: "இத்தன வருசம் படிச்சும் டாக்டராவலியே, என்னட்டி படிப்பு?" அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். "எனக்கு மண்டையில ஏறல அத்தை" என்று சிரித்துவிட்டு, அக்கா எழுந்து பந்தி விசாரிக்கப் போனார்கள்.

அக்கா அந்த வேலையை விட்டுவிடவில்லை. நிலையத்தின் மற்ற வேலைகளுக்கு நடுவே, அதே தோட்டத்தில் அதே பாதியில் முதலிலிருந்து தொடங்கினார்கள். தோட்டத்துக்காரரும் அவர் மனைவியும் அக்காவைத் தாயி என்று கூப்பிடுவார்கள். மராத்தியில் அப்படித்தான் அக்காவைச் சொல்வது. "தாயி, இந்த முறை நாங்கள் காவல்" என்று சொல்லி, வேலி போல ஒரு கயிறு கட்டினார்கள். முதல் சில வருஷங்கள் இரண்டு பாதிக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, பொறுத்துக் கிடக்க வேண்டும் என்று அக்கா சொல்வார்கள். கொரோனாவில் ரயில் நின்றபோது மாதக்கணக்கில் தாராவிக்கு வரமுடியாமல் அங்கேயே இருந்தார்கள். போன் போட்டால் முதலில் அம்மாவைக் கேட்பார்கள், அடுத்து மரத்தைப் பற்றிச் சொல்வார்கள்.

அம்மா அதற்குப் பிறகு, அக்கா இருந்தவரை, ஒரு முறைதான் தோட்டத்துக்குப் போனார்கள். மறு வருஷம் அக்காவுக்குக் காய்ச்சல் என்று பார்க்கப் போய், இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தார்கள். அதன்பிறகு கூப்பிட்டால் முட்டி வலி என்பார்கள். ஆனால் ஒரு புதுப் பழக்கம் வந்தது. மாட்டுங்காவில் வாழையிலைக் கடைக்காரர்கள் கழித்துப் போடும் காய்ந்த இலைகளையெல்லாம் பொறுக்கி ஒரு சாக்கில் திணித்து, "அக்காட்ட குடு. மரத்துக்குப் போடச் சொல்லு" என்று என்னிடம் தருவார்கள். வேண்டாம் என்றால் அழுவது போல ஆகிவிடுவார்கள். விரார் வண்டியில் சாக்கோடு ஏறுவது எனக்குச் சங்கடம்.

"க்யா பாய், பக்ரி பாலா ஹை?" என்று ஒருவர் கேட்டார். ஆடு வளர்க்கிறாயா என்று. பெட்டியே சிரித்தது. நான் சாக்கைக் காலுக்கு அடியில் தள்ளினேன்.

அக்கா சாக்கைப் பிரித்துப் பார்த்து முதலில் சிரித்தார்கள். "ஏல, அந்த எடத்துல வெளி எல ஒண்ணு விழக்கூடாது. அந்த மரத்து எலதான் கெடக்கணும். இவா திரும்பவும் கெடுத்துருவா போலுக்கே." பிறகு சாக்கை நாற்றங்காலுக்கு எடுத்துப் போய், கன்றுத் தொட்டிகளுக்கு நடுவில் பரப்பினார்கள். "அம்மாட்ட, மரத்துக்குப் போட்டாச்சு, நல்லா இருக்குன்னு சொல்லு" என்றார்கள். அப்படியே சொன்னேன். அம்மா மறு வாரம் இரண்டு சாக்கு கொடுத்தார்கள்.

அக்காவுக்கு வயிற்றில் நோய் வந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். மருத்துவமனைக்கு வந்து பார்க்காதவர்கள் குறைவு. வலியைப் பற்றி அக்கா பேசியதே இல்லை. அவர்களுக்கு இருந்த கவலை ஒன்றுதான். ஆராய்ச்சி முடிய இன்னும் ஒரு பருவம் இருந்தது. ஒரு தடவை காய் எடைபோட்டு, கோடையில் கடைசியாக மண் எடுத்தால் முடிந்தது. அக்காவின் இடத்தில் வேலை பார்க்கும் இளைய ஆராய்ச்சியாளர் அம்மையார் வந்து, நான் முடித்துத் தருகிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னார். அவர் போன பிறகு அக்கா என்னைப் பார்த்தார்கள்.

"மண்ணு எடுக்கும்போது நீ போவியால?"

"நான் போயி என்னக்கா செய்ய? எனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் செய்யாண்டாம். பேசவும் வேண்டாம். நம்ம வீட்டு ஆளு ஒண்ணு நிக்கணும். நின்னா போதும்."

நிற்கிறேன் என்றேன். அதன்பிறகு அக்கா அதிக நாள் இருக்கவில்லை. மழை கொட்டிய ஒரு காலையில், அம்மா தலையைத் தடவிக்கொண்டிருக்கும்போது போய்விட்டார்கள்.

இந்தக் கோடையில் அந்த அம்மையார் போன் செய்தார். நான் கிளம்பினேன். அம்மாவும் சேலை மாற்றிக்கொண்டு நின்றார்கள். "முட்டி வலிக்குமேம்மா" என்றேன். "வலிக்கட்டும்" என்றார்கள். அத்தையும் அக்காவின் படத்தோடு வந்தார்கள்.

கயிறு கட்டிய பாதிக்குள் கால் வைத்தால் மெத்தையில் வைத்ததுபோல் அமிழ்ந்தது. அக்கா உட்காரும் மரத்தில் படத்தைச் சாய்த்து வைத்தோம். அத்தை படையலுக்கு இலை விரிக்க இடம் பார்த்தார்கள்.

"இங்கன ஒரே சருகால்லா கெடக்கு" என்று, பக்கத்தில் கிடந்த வாரியலை எடுத்துக் குனிந்தார்கள்.

"ஏளா, கீழ போடு அத" என்றார்கள் அம்மா.

"எல விரிக்காண்டாமா மைனி?"

"எம்மடியில விரி. ஒருக்கா வாருனது போதும்."

அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஒனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"அடுத்த வருசமே தெரியும்ல. காச்சலுக்குப் பாக்க வந்தேம்லா, அப்ப அந்த அம்மா சொல்லிட்டு." தோட்டத்துக்காரர் மனைவியைக் காட்டினார்கள். "எனக்குத் தெரியக்கூடாதுன்னு எம்மவ நெனச்சா. சரி, தெரியாமலே இருந்துட்டுப் போறேன்னு இருந்துட்டேன்."

சாக்கு சாக்காக வாழையிலை எதற்கு வந்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அக்காவுக்கு அது புரிந்திருந்ததா என்று தெரியவில்லை. கேட்க அக்கா இல்லை.

அத்தையிடம் நடந்ததைச் சொன்னேன். அத்தை வாரியலைக் கயிற்றுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, அக்காவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். வெகுநேரம் எழவில்லை.

மண் எடுத்த பிறகு அம்மையார் ஓர் இரும்பு வளையத்தை எடுத்தார். அதை மண்ணில் இறக்கி, உள்ளே தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். முதலில் வழக்கமாக வாரும் பாதியில் வைத்தார். ஊற்றிய தண்ணீர் டம்ளரில் நிற்பது போல நின்றது. எறும்பு ஒன்று மிதந்தது. நாங்கள் நின்று நின்று பார்த்தோம். பிறகு அக்காவின் பாதிக்கு வந்து, சருகை மெல்ல விலக்கி வளையத்தை இறக்கினார். மண் கறுப்பாக இருந்தது, அந்த வெயிலிலும் ஈரம் இருந்தது. அம்மையார் குடத்தை அம்மாவிடம் நீட்டி, "ஆப் டாலியே, அம்மா" என்றார். நீங்கள் ஊற்றுங்கள் என்று.

அம்மா இரண்டு கையாலும் பிடித்து ஊற்றினார்கள். தண்ணீர் வளையத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

அம்மா குனிந்து பார்த்தார்கள். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்று கேட்டார்கள்.

சோதனை முடிந்துவிட்டது. ஆனாலும் அம்மையார் தலையை ஆட்டினார். அம்மா குடம் தீரும்வரை ஊற்றினார்கள். அத்தனையையும் மண் குடித்தது.

அக்காவின் பாதியில் காய் பெரிது, உதிர்வது குறைவு, மழை தள்ளிப் போனாலும் மரம் வாடுவதில்லை என்று நிலையத்தில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி முடித்துவிட்டார்கள். அதில் அக்காவின் பெயர்தான் முதலில் இருக்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிலரும் இந்த வருஷம் இலையை எரிக்கவில்லை.

அக்காவின் இடத்தில் இருந்து சொன்ன வாக்கைக் காப்பாற்றிய அம்மையாருக்கும், நாற்றங்கால் வேலையாட்களுக்கும், தோட்டத்துக்காரருக்கும் அவர் மனைவிக்கும், கடைசி நாட்களில் அக்காவைத் தூக்கி உட்கார வைத்த மருத்துவமனைச் சகோதரிகளுக்கும், எங்கள் வரிசைக் குடியிருப்பான சாலில் அடுப்பு மூட்டாத அந்த நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த ஒவ்வொரு வீட்டுக்கும், தூரம் பாராமல் தாணேயிலிருந்தும் உல்லாஸ்நகரிலிருந்தும் வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

பொங்கல் அன்று நடந்ததை எழுதலாமா என்று அம்மாவிடமும் அத்தையிடமும் கேட்டேன். "எழுதுல. நாளைக்கி வேற எவளும் போயி வாராம இருக்கட்டும்" என்றார்கள் அம்மா. அத்தை, தன் பங்கையும் விடாமல் எழுதச் சொன்னார்கள்.

வருகிற பொங்கலுக்குத் தோட்டத்துக்காரர் மறுபடியும் அழைத்திருக்கிறார். அம்மா வருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். பானை அவர்கள் வீட்டு முற்றத்தில்தான் வைப்போம். அடுப்புக்கு விறகு தாராவியிலிருந்து நாங்களே கட்டிக்கொண்டு போகிறோம்.